வாளும் வரிசையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊரிலிருந்து உறவினர் வந்தால், வடபுலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்குத் தவிர்க்க முடியாத கடமை ஒன்று உண்டு. அவர்களை ஆக்ராவுக்கும் ஜெய்ப்பூருக்கும் அழைத்துச் சென்று காட்ட வேண்டும். தாஜ்மகாலைக் கண்டு வியந்து, ஆக்ராக் கோட்டையைச் சுற்றி, மறுநாள் ஆம்பர் மலைக்கோட்டையில் ஏறி, கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். இரண்டு கோட்டைகளையும் அடுத்தடுத்துக் காணும் நாம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை. ஆக்ராவில் இருந்தவர் படைவலி மிக்க பேரரசர். ஆம்பரில் இருந்தவர் மிகச் சிறிய நிலப்பகுதியின் அரசர். பெரியவர் சிறியவரை ஏன் விழுங்கவில்லை? விழுங்காதது மட்டுமன்றி, பேரரசு ஓங்கியிருந்த காலத்திலேயே ஆம்பர் அரண்மனையும் வளர்ந்ததே, அஃது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய நம் பேச்சின் நோக்கம்.

16, 17ஆம் நூற்றாண்டுகளின் பேரரசர்களுக்கு நிலம் பரந்திருந்தது, கை நீளவில்லை. தந்தி இல்லை, இரயில் இல்லை, ஊர்தோறும் காவல் நிலையம் இல்லை. ஒரு கோட்டையை வாளால் பிடித்துவிடலாம். ஆனால் அக்கோட்டையைச் சூழ்ந்த ஊர்களில் ஆண்டுதோறும் கிஸ்தி தண்டுவதற்கும், வழிப்போக்கரைக் காப்பதற்கும், வேண்டும்போது ஆள் திரட்டுவதற்கும் அந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய குடிகளின் துணை வேண்டும். அவர்களை அழித்தால் நாடு கிடைக்கும்; வருவாய் கிடைக்காது. அவர்களை அப்படியே விட்டுவிட்டால் இன்று பணிவார்கள், நாளை எதிர்ப்பார்கள். அழிக்காமலும் விட்டுவிடாமலும் அவர்களைத் தம்மோடு பிணைத்துக்கொள்ள அரசர்கள் கண்ட வழியைத் தமிழில் 'வரிசை' என்னும் ஒரே சொல்லால் குறிக்கலாம்.

வரிசை என்பதற்கு இரு பொருள் உண்டு. ஒருவர் பின் ஒருவராக நிற்பது வரிசை. ஒருவருடைய தகுதியை அறிந்து அவருக்குச் செய்யும் சிறப்பும் வரிசை. திருமணத்தில் சீர்வரிசை என்று நாம் சொல்வது இந்த இரண்டாம் பொருளில்தான். நம் பண்டைப் புலவர்கள் மன்னரிடம் பரிசிலைக் காட்டிலும் வரிசையையே பெரிதாக எதிர்பார்த்தனர் என்பதைச் சங்க நூல் பயின்றோர் அறிவர். மொகலாயப் பேரரசின் அவையில் இவ்விரு பொருளும் ஒன்றாகவே நின்றன. யார் எங்கே நிற்கிறார் என்பதே அவர் பெற்ற சிறப்பின் அளவு.

1562ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இருபது வயதும் நிரம்பாத அக்பர் அஜ்மீருக்கு யாத்திரை சென்றார். வழியில் ஆம்பர் அரசர் பார்மல் அவரைக் கண்டு பணிந்தார். பார்மலுக்கு அந்நாளில் ஒருபுறம் தாயாதிச் சண்டை. மறுபுறம் அருகிலிருந்த மொகலாய அதிகாரியின் நெருக்குதல். அவர் தம் மகளை அக்பருக்கு மணம் செய்து கொடுத்தார். அந்த அம்மையாரே பின்னர் ஜகாங்கீரின் தாயானார்.

அரசர்கள் பெண் கொடுத்துப் பகை தணிப்பது பழைய வழக்கம். சுல்தான்கள் பலரும் அவ்வாறு மணம் புரிந்ததுண்டு. புதுமை, மணத்திற்குப் பின் நிகழ்ந்ததில் இருந்தது. பெண் வீட்டார் உண்மையான உறவினராக நடத்தப்பட்டனர். 1572இல் அக்பர் குஜராத்தின் மீது படையெடுத்தபோது, அரச மகளிர் தங்கியிருந்த ஆக்ரா நகரைப் பார்மலின் பொறுப்பில் விட்டுச் சென்றார். மாமனாரை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்ற செயல் இது. பார்மலின் மகன் பகவந்ததாஸும் பேரன் மான்சிங்கும் அந்தக் குஜராத் போரில் அக்பரின் அருகிலேயே நின்று போரிட்டனர். இதற்கிடையே, 1563இல் யாத்திரிகர் மீதான வரியும், 1564இல் ஜிசியா வரியும் நீக்கப்பட்டன. இந்துக் குடிகள் அனைவரையும் தாழ்த்தும் ஒரு வரியை வைத்துக்கொண்டு, அவர்களுள் சிலரை மட்டும் உயர்த்துவது நிலைக்காது என்பதை அக்பர் உணர்ந்திருந்தார்.

உறவு ஒரு குடும்பத்தோடு நின்றுவிடக் கூடும். பேரரசு முழுவதற்கும் பொருந்தும் முறை ஒன்று வேண்டும். அதுவே மன்சப் முறை. பேரரசின் பணியில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் எண்ணால் குறித்த ஒரு தரம் அளிக்கப்பட்டது. 10 என்பது கடைசித் தரம். பெரும் பிரபுக்களுக்கு 5000 வரை. தரத்திற்கேற்ற ஊதியம், ஊதியத்திற்கேற்பப் பராமரிக்க வேண்டிய குதிரைப் படை, அவையில் நிற்கும் இடமும் அதற்கேற்பவே. ஊதியம் பெரும்பாலும் ரொக்கமாக வராது. இன்ன பர்கானாவின் நிலவரியை எடுத்துக்கொள்க என்று ஜாகீராக ஒதுக்கித் தருவார்கள். அந்த ஜாகீர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படும். எவரும் ஓரிடத்தில் வேர்விட்டுவிடக் கூடாது என்பதே கருத்து.

இராஜபுத்திர அரசர்களுக்கு இங்கு ஒரு விலக்கு இருந்தது. அவர்தம் முன்னோர் ஆண்ட பூமி 'வதன் ஜாகீர்' எனப்பட்டது. அதை மாற்றுவதில்லை. அதற்கு மேலும் ஊதியம் மிகுந்தால், பேரரசின் வேறு பகுதிகளில் சாதாரண ஜாகீர் கிடைக்கும். இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். பாட்டன் பூமி பாட்டன் பூமியாகவே இருந்தது. ஆனால் அதை ஆளும் உரிமைச் சீட்டு இப்போது பேரரசரிடமிருந்து வந்தது. பட்டத்திற்கு வரும் வாரிசின் நெற்றியில் திலகமிடுபவரும் பேரரசரே. சிறிய அரசின் தலைவர், தம் மலைக்குன்றுக்கு அப்பால் காபூலையும் வங்காளத்தையும் ஆளுகின்ற வாய்ப்பைப் பெற்றார். மான்சிங் காபூலிலும் பீகாரிலும் வங்காளத்திலும் ஆளுநராக இருந்தவர். 1590இல் பிருந்தாவனத்தில் கோவிந்த தேவர் கோயிலை எழுப்பியவரும் அவரே. 1605இல், அதுவரை அரச குடும்பத்தாருக்கே உரியதாக இருந்த 7000 என்னும் தரம் அவருக்கு வழங்கப்பட்டது. ஆம்பர் அரண்மனையின் சுவர்கள் எங்கிருந்து எழுந்தன என்பதற்கு இதுவே விடை.

இவ்வழியை ஏற்காதவர்களும் இருந்தனர். மேவார் அரசு ஏற்கவில்லை. 1567-68இல் அக்பர் சித்தூர்க் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தார். வீழ்ந்த கோட்டையில் பொதுமக்களும் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். அக்பரின் பெயரைப் போற்றும் எவரும் மறைக்கக் கூடாத செய்தி இது. வாளின் ஆற்றல் முழுவதும் அங்கே காட்டப்பட்டது. பயன் என்ன? மேவார் பணியவில்லை. 1576இல் ஹல்திகாட்டியில் மகாராணா பிரதாபர் மொகலாயப் படையை எதிர்த்தார். அப்படையை நடத்தியவர் ஆம்பரின் மான்சிங். பிரதாபரின் பக்கத்தில் நின்று போரிட்டவர்களுள் ஹக்கீம்கான் சூர் என்னும் ஆப்கானியத் தலைவரும் ஒருவர். இதை இரு சமயத்தாரின் போர் என்று சொல்வது எவ்வளவு தவறு என்பதற்கு இவ்விரு பெயர்களே போதும்.

சித்தூர் வீழ்ந்து 47 ஆண்டுகளுக்குப் பின்னர்தான், 1615இல், பிரதாபரின் மகன் அமர்சிங் ஜகாங்கீரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். நீண்ட போரால் நாடு நலிந்திருந்தது உண்மை. எனினும் உடன்படிக்கையின் விதிகள் எண்ணத் தக்கவை. ராணா நேரில் அவைக்கு வரவேண்டா. மகன் வந்தால் போதும். பெண் கொடுக்க வேண்டா. சித்தூர் திருப்பித் தரப்படும். ஆனால் அதன் மதில்களைப் புதுப்பிக்கக் கூடாது. அவைக்கு வந்த இளவரசர் கரண்சிங்குக்கு 5000 தரமும் அளவற்ற பரிசுகளும் கிடைத்தன. தோற்றவர் தலை குனியாமல் உள்ளே நுழைவதற்கென்று வாயிலை உயர்த்திக் கட்டினார் ஜகாங்கீர். அரை நூற்றாண்டு வாள் செய்யாததை வரிசை செய்தது.

இது நம் நாட்டுக்கே உரிய முறை என்று எண்ண வேண்டா. ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சு நாட்டிலும் இதே கதை நடந்தது. 1648 முதல் 1653 வரை அந்நாட்டுப் பெருங்குடியினர் அரசுக்கு எதிராகக் கலகம் செய்தனர். அக்கலகத்தைச் சிறுவனாக இருந்து கண்ட பதினான்காம் லூயி, 1661இல் ஆட்சியைத் தம் கையில் எடுத்தபின், 1682இல் வெர்சேல்ஸ் அரண்மனைக்கு அரசவையை மாற்றினார். காலையில் மன்னர் எழும்போது சட்டையை எடுத்துக் கொடுப்பது யார் என்பதற்குப் பிரபுக்கள் போட்டியிட்டார்கள் என்று நாம் படித்துச் சிரிக்கிறோம். ஆனால் உண்மையான பிணைப்பு மாகாணங்களில் இருந்தது. தெற்கே லாங்டாக் மாகாணத்தில் பிரபுக்களும் ஆயர்களும் நகரத் தலைவர்களும் கூடும் அவை மன்னருக்கு ஆண்டுதோறும் 'நன்கொடை' வழங்கியது. அம்மாகாணத்தில் திரட்டிய வரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்ப் பெருமக்களின் கைகளிலேயே தங்கியது என்பதை அண்மைக் கால ஆராய்ச்சி காட்டியுள்ளது. முடியரசின் வலிமை, மாகாணத்தாரை அடக்கியதில் இல்லை, பங்காளிகளாக்கியதில் இருந்தது.

இதுவரை நாம் இம்முறையின் ஆற்றலைக் கண்டோம். இனி அதன் முறிவைக் காண வேண்டும். வரிசையால் கட்டிய கட்டு, வரிசை தவறினால் அவிழும்.

1665இல், ஆம்பரின் ஜெயசிங் பேரரசின் படைத்தலைவராகத் தக்காணம் சென்று, சிவாஜியோடு புரந்தரில் உடன்படிக்கை செய்தார். சிவாஜி 23 கோட்டைகளைக் கொடுத்து, 12 கோட்டைகளை வைத்துக்கொண்டார். அவர் மகன் சம்பாஜிக்கு 5000 தரம் அளிக்கப்பட்டது. மறு ஆண்டு மே 12ஆம் நாள், ஔரங்கசீப்பின் பிறந்தநாள் அவையில், ஆக்ராக் கோட்டையில் சிவாஜி நின்றார். எங்கே நின்றார் என்பதுதான் கேள்வி. 5000 தரத்தினரின் வரிசையில் அவரை நிறுத்தினார்கள். அத்தரம் சிறுவனாகிய தம் மகனுக்கும் தம் படைத்தலைவர் ஒருவருக்கும் முன்பே கிடைத்தது. ஓர் அரசை உருவாக்கியவர்க்கு இது பொறுக்கக் கூடியதாக இல்லை. அவையிலேயே சினந்து வெளியேறினார், காவலில் வைக்கப்பட்டார், ஆகஸ்டு மாதம் தப்பினார். 1674 ஜூன் 6ஆம் நாள் இராயகட்டில் தாமே முடிசூட்டிக்கொண்டார். ஓர் அவையில் ஒருவரைத் தவறான வரிசையில் நிறுத்தியதற்குப் பேரரசு கொடுத்த விலை எண்ணிப் பார்க்கத் தக்கது.

இரண்டாவது முறிவு மார்வாரில் நிகழ்ந்தது. ஜோத்பூர் மன்னர் ஜஸ்வந்த்சிங் 1678 இறுதியில், கைபர் கணவாயை அடுத்த ஜம்ருத்தில், பேரரசின் பணியிலேயே உயிர் நீத்தார். அவர் மறைந்தபின் பிறந்த மகன் அஜித்சிங். குழந்தையின் உரிமையை உடனே ஏற்காமல், ஔரங்கசீப் மார்வாரைத் தம் நேர் ஆட்சியில் எடுத்துக்கொண்டு, பின்பு 36 இலட்சம் ரூபாய் காணிக்கை பெற்று இந்தர்சிங் என்னும் உறவினருக்கு வழங்கினார். அதே 1679இல் ஜிசியா வரியும் மீண்டும் விதிக்கப்பட்டது. துர்காதாஸ் ராத்தோர் குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டு போர் தொடங்கினார். அப்போர் ஔரங்கசீப் மறைந்த 1707ஆம் ஆண்டுக்குப் பின்னரும் ஓயவில்லை. வதன் என்பது பாட்டன் பூமியா, பேரரசர் நினைத்தால் எடுத்துக்கொள்ளும் கொடையா? ஒரு நூற்றாண்டாக எவரும் வெளிப்படையாகக் கேளாதிருந்த கேள்வி அன்று எழுந்தது.

இங்கே ஓர் எளிய முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஔரங்கசீப்பின் சமயக் கொள்கை மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்போர் உண்டு. ஆனால் அவர் ஆட்சியின் பிற்பகுதியில் உயர்தர மன்சப்தார்களுள் இந்துக்களின் பங்கு குறையவில்லை. கூடி, ஏறத்தாழ மூன்றில் ஒன்றாயிற்று. தக்காணப் போரில் மராட்டியத் தலைவர்களையும், 1686இல் வீழ்ந்த பீஜப்பூர், 1687இல் வீழ்ந்த கோல்கொண்டா அரசுகளின் பிரபுக்களையும் வரிசை கொடுத்து இழுத்துக்கொண்டதே அதற்குக் காரணம். பந்தியில் இலைகள் பெருகின. சோற்றுப் பானை பெருகவில்லை. தரம் கிடைத்தும் ஜாகீர் கிடைக்காதவர் பலர்.

அந்தப் பானையை நிரப்பியவன் யார்? உழவன். அக்பர் காலத்து நில அளவையில் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கு என்று வகுத்தார்கள். பின்னாளில் பாதி வரையிலும் சென்றது. 1647ஆம் ஆண்டளவில் 445 மன்சப்தார்கள் மட்டும் பேரரசின் மதிப்பிட்ட வருவாயில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தமக்குள் பெற்றனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போகும் ஜாகீர்தாருக்குக் கிணறு வெட்டுவதில் என்ன அக்கறை இருக்கும்? வரிசை பெற்றவரும் வழங்கியவரும் வரலாற்றில் பெயரோடு நிற்கிறார்கள். அந்த வரிசைக்கு நெல்லும் கோதுமையும் கொடுத்தவனுக்குப் பெயர் இல்லை. பிரான்சிலும் பிரபுக்கள் முக்கிய வரியிலிருந்து விலக்குப் பெற, சுமை குடியானவன் தலையில் விழுந்தது. 1789இல் அக்கணக்குத் தீர்க்கப்பட்டது.

இந்தக் கதையின் ஓர் அலை நம் தமிழகத்தின் கரையிலும் மோதியது. தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் நாம் கேட்டு வளர்ந்த தேசிங்கு ராஜன் யார்? செஞ்சியை மராட்டியரிடமிருந்து 1698இல் மொகலாயப் படை எட்டாண்டு முற்றுகைக்குப் பின் பிடித்தது. அதன்பின் அக்கோட்டையின் பொறுப்பு புந்தேல்கண்டத்து இராஜபுத்திரரான சொரூப்சிங்கிடம் தரப்பட்டது. மத்திய இந்தியாவில் பிறந்த ஒருவர், தில்லியின் கட்டளையால், தென்னாட்டில் கோட்டை காத்தார். வரிசை முறை எவ்வளவு தொலைவு சென்றது பாருங்கள். 1714இல் அவர் மறைந்தபோது மகன் தேஜ்சிங் செஞ்சிக்கு வந்து, தந்தை வகித்த இடம் தமது என்றார். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான், நிலுவைப் பணம் எங்கே, உமக்குப் புதிய ஆணை எங்கே என்று கேட்டார். இளைஞர் பணியவில்லை, அவ்வாண்டு அக்டோபரில் போர்க்களத்தில் மாண்டார்.

நாட்டுப்பாடல் அவரை வீரராகக் கொண்டாடுகிறது. அது தகும். ஆனால் அவர் உயிரைக் கொண்டது போர்க்களத்து ஆயுதம் மட்டும் அன்று. தந்தைக்குக் கொடுத்தது மகனுக்குச் சேருமா என்ற பழைய கேள்வி, மார்வாரில் முப்பதாண்டுப் போரை மூட்டிய அதே கேள்வி, செஞ்சியிலும் ஓர் உயிரைக் கேட்டது. அருளால் வந்த இடம் அருளால்தான் தொடர முடியும். அருள் செய்தவர் மறைந்தாலும், மனம் மாறினாலும், கருவூலம் வற்றினாலும், பெற்றவர் நிற்க இடமில்லை. வரிசை முறையின் அடிப்படைக் குறை இதுவே. அது மனிதரை மனிதரோடு பிணைத்தது. நாட்டைச் சட்டத்தோடு பிணைக்கவில்லை.

விடுதலைக்குப் பின் இந்தியா ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இணைக்க வேண்டியிருந்தது. சர்தார் பட்டேலும் பழைய வழியை முற்றிலும் தள்ளிவிடவில்லை. மன்னர்களுக்கு மானியம் தந்தார், பட்டங்களை விட்டுவைத்தார். 1949 மார்ச்சு 30ஆம் நாள் பெரிய இராஜஸ்தான் உருவானபோது, அக்பர் காலத்து மான்சிங்கின் பெயரையே தாங்கிய ஜெய்ப்பூர் மன்னர் அதன் இராஜப்பிரமுகர் ஆனார். 1956இல் அப்பதவி மறைந்தது. 1971இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. ஆனால் இடையே 1950இல் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துவிட்டது. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டின் எப்பகுதியிலும் சென்று குடியிருக்கும் உரிமையை அது ஒவ்வொரு குடிமகனுக்கும் அளித்தது. சொரூப்சிங் செஞ்சிக்குச் செல்லப் பேரரசரின் ஆணை வேண்டியிருந்தது. நாம் இந்தக் காலனியில் குடியேற எந்த அரசரின் ஆணையும் வேண்டியிருக்கவில்லை.

இந்த வேற்றுமையை நாம் எந்நாளும் நினைவில் கொண்டிருக்கிறோமா? ஆண்டு விழாவுக்கு அதிகாரியை அழைத்து, மாலையிட்டு, பொன்னாடை போர்த்தி, அதன்பின் பள்ளிக்கு இடம் வேண்டும் என்றும் தமிழாசிரியர் வேண்டும் என்றும் மனு நீட்டும் வழக்கம் நம்மிடமும் உண்டு. வந்தவரைப் போற்றுவது நம் பண்பு. அதை விட வேண்டியதில்லை. ஆனால் மாலை வேறு, மனு வேறு. நம் பிள்ளைகள் தாய்மொழி படிப்பது ஒருவர் மகிழ்ந்து அளிக்கும் வரிசையாக இருந்தால், அவர் மாற்றலாகிப் போனதும் அதுவும் போய்விடும். சட்டத்தின் வழியே, ஏட்டில் எழுதிப் பெற்றதாக இருந்தால், நம் பேரப்பிள்ளைகளுக்கும் நிற்கும். அக்பரின் பெருந்தன்மை அவர் கொள்ளுப்பேரனிடம் நிற்கவில்லை என்பதை வரலாறு நமக்குக் காட்டிவிட்டது. ஆகவே போற்ற வேண்டியவரைப் போற்றுவோம். பெற வேண்டியதை எழுத்தில் பெறுவோம்.